லேண்ட்லைனை இன்டர்நெட் போனாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய செப்பு வயர் போனுக்கு வீட்டுக் கரண்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரி 48 வோல்ட் நேரோட்டத்தை (டிசி) அதே இரண்டு வயரில் அனுப்பிக்கொண்டிருந்தது. மணி அடிக்கத் தேவையான 75 முதல் 90 வோல்ட் வரையான ஆடலோட்டமும் அங்கிருந்துதான் வந்தது. மாரியில் மட்டக்களப்பு முழுக்க இருண்டு கிடந்த இரவுகளிலும் ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் கேட்டதற்கு அதுதான் காரணம். இன்டர்நெட் போனுக்கு மாறினால் எக்ஸ்சேஞ்ச் பார்த்த வேலையெல்லாம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒன்றிரண்டு பெட்டிகளின் தலையில் விழும். இதை யோசிக்காமல் மாற்றும்போதுதான் பிழை வருகிறது.

மாற்றும் வழிகள் மூன்று. பைபர் இணைப்பு என்றால் பைபர் ரவுட்டரிலேயே போன் துளை இருக்கும். சில 4ஜி வீட்டு ரவுட்டர்களிலும் போன் துளை உண்டு. மூன்றாவது, இன்டர்நெட் வழியாகப் பேச நம்பர் தரும் சிப் (SIP) கணக்கு ஒன்றை வாங்கி, ஏடிஏ எனப்படும் சின்ன அடாப்டர் பெட்டி வழியாகப் பழைய போனை இணைப்பது. எந்தப் பிழை உங்களுக்கு வரும் என்பது இந்த மூன்றில் எது உங்களுடையது என்பதைப் பொறுத்தது.

பழைய லைனை அவசரப்பட்டு வெட்டுவது

ஏடிஎஸ்எல் இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இது. உங்கள் இன்டர்நெட் வருவதே அந்தப் போன் வயரில்தான். 'போன் வேண்டாம், நெட் மட்டும் போதும்' என்று லைனை நிறுத்தக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். புதிய போனை ஓட்ட நெட் இருக்காது. பைபரோ 4ஜியோ வந்து, வேலை செய்து, அதில் பேசிப் பார்த்த பிறகுதான் பழைய லைனைத் தொட வேண்டும். குறைந்தது ஒரு பில் மாதமாவது இரண்டும் ஒன்றாக ஓடட்டும். ஒரு மாத வாடகை கூடத்தான் போகும், ஆனால் கொடுக்கலாம்.

065, 063, 067 என்று தொடங்கும் உங்கள் பழைய நம்பரே வேண்டுமென்றால், அது புதிய இணைப்புக்கு வருமா என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது பிறகு உதவாது. இரத்துச் செய்த நம்பர் இன்னொருவர் கைக்குப் போனால் திரும்பி வராது. வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் பாடசாலை, காணிப் பத்திரம் பார்க்கும் நொத்தாரிஸ் என்று அந்த நம்பர் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்பதை நிறுத்துவதற்கு முன்னரே உட்கார்ந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏடிஏயைச் சுவர் சொக்கெட்டில் அப்படியே குத்துவது

அறைக்கு அறை போன் வயர் ஓடும் வீடுகளில் எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்று உண்டு: ஏடிஏயின் போன் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்துச் சுவர் சொக்கெட்டில் குத்தினால் எல்லா அறையிலும் மணி அடிக்குமே! யோசனை சரி. ஆனால் வெளியிலிருந்து வரும் லைன் இன்னும் அந்த வயரோடு சேர்ந்திருந்தால், எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் ஏடிஏ தரும் வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதும். யாராவது கோல் எடுத்து மணி வோல்ட்டும் வந்தால் ஏடிஏயின் போன் துளை கருகிவிடும். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். டயல் டோன் மட்டும் வராது.

'லைனைக் கட் பண்ணியாச்சு' என்பதை நம்பாதீர்கள். பில் நின்ற லைனிலும் வோல்ட் இருக்கலாம். தெருவில் கம்பம் சரிந்தால் வேறு ஏதாவது வயர் அதில் படவும் கூடும். வெளி வயர் வீட்டுக்குள் நுழையும் பெட்டியைத் திறந்து, உள்வயர் இரண்டையும் வெளிவயரிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே டேப் சுற்றுங்கள். பெட்டி கம்பெனியுடையது என்றால் புதிய இணைப்புப் போட வரும் ஆளிடமே செய்யச் சொல்லுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்துச் சுவர் சொக்கெட்டை அளந்து பாருங்கள். சுழியம் காட்டினால் ஏடிஏயை இணைக்கலாம். 50 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டினால் எங்கோ இன்னும் தொடர்பு இருக்கிறது. ஏடிஎஸ்எல்லுக்காகப் போட்ட, போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களையும் கழற்றிவிடுங்கள், இனி அவற்றால் பயனில்லை. பழைய மணிப் போன்கள் மூன்று நான்கை ஒன்றாக மாட்டினால் சின்ன ஏடிஏக்கு மணி அடிக்கும் பலம் போதாது, ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. போன் வயரின் சின்னப் பிளக், ரவுட்டரின் லேன் துளைக்குள்ளும் புகும். புகுகிறது என்பதற்காகக் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய பின்கள் நெளிந்துபோகும். 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய துளையைத் தேடிப் பிடியுங்கள்.

கரண்ட் கணக்கு

கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் சின்னப் பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் வாங்கினால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கில்தான் ஏமாந்து போகிறார்கள். பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு; 12 வோல்ட் வெளியீட்டுக்கானது அல்ல. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32.5 வாட் மணி. வோல்ட்டை உயர்த்தும்போது 15 சதவீதம் அளவுக்கு விரயமானால் மிஞ்சுவது 27 அல்லது 28. பைபர் ரவுட்டர் 8 வாட், ஏடிஏ 2 வாட் என்று வைத்தால் இரண்டே முக்கால் மணித்தியாலம் வரும். 12 ஆல் பெருக்கிப் பத்து மணித்தியாலம் தாங்கும் என்று நம்பியிருப்பவர் இரவு ஒன்பது மணிக்குப் போன கரண்ட்டில் நடுச்சாமத்துக்கு முன்னரே போன் இல்லாமல் இருப்பார்.

யூபிஎஸ்ஸில் 5, 9, 12 என்று மூன்று வெளியீடுகள் இருக்கும், பிளக்குகளோ பார்வைக்கு ஒரே மாதிரி. 12 வோல்ட் ரவுட்டரை 9 இல் குத்தினால் அது நின்று நின்று திரும்ப ஓடும். 5 வோல்ட் ஏடிஏயை 12 இல் குத்தினால் அத்தோடு கதை முடிந்தது. ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி வோல்ட்டை எழுதி வையுங்கள்.

கோட்லெஸ் போனின் அடித்தளத்துக்கும் கரண்ட் வேண்டும். யூபிஎஸ்ஸில் ரவுட்டர் உயிரோடிருக்க, போன் செத்துக் கிடப்பது இதனால்தான். வயர் உள்ள சாதாரண போன் ஒன்றை விற்காமல் வைத்திருங்கள்.

வெள்ளம் ஏறும் பகுதி என்றால் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸையும் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பூட்டுங்கள். கதிரைக்குக் கீழே, தரையோடு ஒட்டி இவற்றை வைப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

பைபர் என்றால் இடி அடிக்காது என்ற நம்பிக்கை

கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரோடு பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பியும் இழுபட்டு வரும். அது சுவர்க் கொக்கியோடு நிற்க வேண்டும். நுழைவாசலில் வெட்டாமல் உள்ளே ரவுட்டர் வரை கொண்டுவந்திருந்தால், வந்த ஆளிடமே சொல்லித் திருத்துங்கள். மின்னல் உள்ளே வர அதைவிடப் பெரிய வழி கரண்ட் அடாப்டர். பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்தில் முழங்கத் தொடங்கினால் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி யூபிஎஸ் பேட்டரியில் மட்டும் ஓட விடலாம். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

உள்ளே ஓடும் மெல்லிய பைபர் வயரை ஆணியில் சுற்றி மடிக்க வேண்டாம். மடிப்பில் ஒளி கசிந்தால் சிவப்பு விளக்கு எரியும். வயர் சுருளின் குறுக்களவு ஒரு தேநீர்ச் சாசரை விடச் சிறுக்காமல் இருக்கட்டும்.

குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்பது

ஏடிஏ போட்டவர்களின் தலையிடி இது. நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அல்லது கோல் சரியாக 32 விநாடியில் அறுந்துபோகும். இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரில் உள்ள 'சிப் ஏஎல்ஜி'. உதவுவதற்காக வைத்த வசதிதான், ஆனால் கோலை இணைக்க ஏடிஏ அனுப்பும் செய்தியில் உள்ள முகவரிகளைத் தப்பாக மாற்றிவிடும். அதை அணைத்து ரவுட்டரை ஒரு தரம் நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

வெளியே கோல் போகிறது, உள்ளே வருவது மட்டும் மணியடிக்கவில்லை என்றால் காரணம் வேறு. அமைதியாக இருக்கும் தொடர்பை ரவுட்டர் சிறிது நேரத்தில் மூடிவிடுகிறது. ஏடிஏயில், தொடர்பை மூடவிடாமல் வைத்திருக்கும் 'கீப் அலைவ்' நேரத்தை 20 அல்லது 30 விநாடியாக வையுங்கள். 4ஜி இணைப்பில் இது கட்டாயம். இதற்காக ரவுட்டரில் சிப் செய்திகள் வரும் வாசலான 5060 ஆம் போர்ட்டைத் திறந்து விடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். திறந்த போர்ட்டும் மாற்றாத 'அட்மின்' பாஸ்வேர்டும் சேர்ந்தால், யாரோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். பில் உங்களுக்கு வரும். வெளிநாட்டுக் கோல் தேவையில்லை என்றால் சேவை தருபவரிடம் சொல்லிப் பூட்டிவிடுங்கள்.

குரல் வெட்டி வெட்டி வந்தால் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். குரலைப் பெரிதாகச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 முறையில் ஒரு கோலுக்கு ஒவ்வொரு திசையிலும் 87 கிலோபிட் போதும். ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு 78 எம்பி அளவில் டேட்டா போகும். பிரச்சினை அனுப்பும் பக்கத்து நெரிசல். பக்கத்து அறையில் மகன் வீடியோ ஏற்றினால் பேச்சு உடைகிறதா என்று பாருங்கள். உடைந்தால் ரவுட்டரின் 'கியூஓஎஸ்' பகுதியில் ஏடிஏக்கு முன்னுரிமை கொடுங்கள். 4ஜி ரவுட்டரைத் தகரக் கூரைக்குக் கீழே நடு அறையில் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து யன்னலோரம் வையுங்கள்.

டயல் பழக்கமும் அவசர நம்பரும்

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு ரவுனுக்கு 065 இல்லாமல் ஏழு இலக்கம் மட்டும் அடித்துப் பழகிய கை, சிப் கணக்கிலும் அதையே அடிக்கும். கோல் போகாது. “போன் செத்துப்போச்சு மனே” என்று அப்பம்மா சொன்னால் முதலில் அவர் எத்தனை இலக்கம் அடித்தார் என்று கேளுங்கள். அடிக்கும் இலக்கங்களை எப்படி அனுப்புவது என்று சொல்லும் ஏடிஏயின் டயல் பிளானில், 2 இல் தொடங்கும் ஏழு இலக்கத்துக்கு முன்னால் 065 ஐத் தானாகச் சேர்க்க வைக்கலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் 067, அம்பாறை நகரில் 063. அடித்து முடித்த பிறகு சில விநாடி மௌனமாக இருப்பதும் கோளாறு அல்ல; கடைசியில் ஹாஷ் பட்டனை அழுத்தினால் உடனே போகும்.

பிரித்தானியாவிலோ கனடாவிலோ உள்ள உறவினர் எடுத்துத் தந்த அந்நாட்டு நம்பரை வைத்திருப்பவர்கள் 119க்கும் 1990க்கும் அதை நம்பக் கூடாது. அந்தக் கோல் இங்குள்ள பொலிசுக்கோ அம்பியூலன்சுக்கோ போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். இந்த நம்பர்களுக்கு உள்ளூர் சிம் போட்ட கைபேசி ஒன்று சார்ஜோடு இருக்கட்டும்.

பேக்ஸ் மெசின் வைத்திருக்கும் கடைக்காரர்கள் ஜி.711 அல்லது பேக்ஸுக்கென்றே உள்ள டி.38 தரும் சேவையா என்று கேட்டு வாங்குங்கள்; குரலை இறுக்கிச் சுருக்கும் ஜி.729 இல் பேக்ஸ் போகாது. போன் லைனில் இயங்கும் களவு அலாரம் இருந்தால், அதைப் பூட்டியவரைக் கூப்பிட்டுப் புதிய இணைப்பில் ஒரு தரம் அடிக்க வைத்துப் பார்த்த பிறகே பழைய லைனை நிறுத்துங்கள்.