சி.பி.டி. பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு நாள் பயிலரங்கு, கையில் ஒரு சான்றிதழ், மறு வாரமே பெயர்ப்பலகையில் 'சி.பி.டி. நிபுணர்'. சி.பி.டி. என்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, எண்ணங்களையும் நடத்தையையும் கையாளும் பேச்சுச் சிகிச்சை. அதன் அடிப்படைகளை இரண்டு நாளில் புரிந்துகொள்ளலாம்தான். எதிரே ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது சிகிச்சையைச் செய்து பார்ப்பது வேறு கதை. அப்புறம், அந்தச் சான்றிதழால் யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இந்தியாவில் அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

புதிதாகக் கற்றவர்கள் அதிகம் சறுக்குவது வாதாடுவதில். சிந்தனைப் பிழைகளின் பட்டியலைப் படித்த சூட்டோடு, சிகிச்சைக்கு வந்தவர் வாயைத் திறந்ததுமே 'இது இந்தப் பிழை' என்று முத்திரை குத்தக் கை துறுதுறுக்கும். "என்னால எதையுமே உருப்படியா செய்ய முடியல" என்பவரிடம், "அதெப்படி, டிகிரி முடிச்சிருக்கீங்களே?" என்று மடக்குவார்கள். இதை அவருடைய மாமாவே ஏற்கெனவே சொல்லியிருப்பார், கட்டணம் வாங்காமல். 1960களில் பிலடெல்பியாவில் இந்த முறையை உருவாக்கிய ஆரோன் பெக், சிகிச்சையாளரும் வந்தவரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்றார். எண்ணத்தை ஓர் ஊகமாக வைத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் சரி என்று இருவரும் சோதிக்கிறார்கள். விடையை மனதில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், வந்தவர் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார். "நீங்களே சொல்லுங்க மேடம், நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டுப் பழகிய நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மொழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "யாருமே என்னை மதிக்கலன்னு ஃபீல் பண்றேன்" என்பதில் 'ஃபீல்' இருந்தாலும், அது எண்ணம். உணர்ச்சி அதற்குப் பின்னால் நிற்கிறது: அவமானமா, கோபமா, வருத்தமா? எண்ணத்தையும் உணர்ச்சியையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதும் ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்கிக் கொடுத்தால், உணர்ச்சிக் கட்டத்தில் எண்ணத்தை எழுதி வருவார்கள். "அந்த நேரத்துல மனசுக்குள்ள என்ன ஓடுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், எண்ணம் தானாக வந்து விழும்.

நடத்தைப் பகுதியை நழுவ விடுவதும் உண்டு. லிஃப்டுக்குப் பயப்படுபவரோடு அறையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பேசுவார்கள், லிஃப்டுக்குப் போகமாட்டார்கள். பல சமயம் பதற்றம் சிகிச்சையாளருக்குத்தான். வீட்டுப்பயிற்சியும் இப்படித்தான். கடைசி நிமிடத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்கவே மறந்தால், மூன்றாவது வாரம் யாரும் செய்துகொண்டு வரமாட்டார்கள்.

இவ்வளவையும் விடப் பெரிய தவறு, நம் வேலையைப் பார்த்து வழிகாட்டும் மூத்த சிகிச்சையாளரிடம், அதாவது மேற்பார்வையாளரிடம், அமர்வைக் கதையாகச் சொல்வது. கதையில் நாம் எப்போதும் நன்றாகவே செய்திருப்போம். அமர்வை எவ்வளவு நன்றாக நடத்தினோம் என்று மதிப்பெண் போட அறிவாற்றல் சிகிச்சை மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சிநிரல், வேகம், சேர்ந்து செயல்படுவது, வீட்டுப்பயிற்சி என 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. வழக்கமாக 40 எடுத்தால் தேர்ச்சி என்று கொள்கிறார்கள். இந்த மதிப்பெண்ணைப் போட ஒலிப்பதிவு வேண்டும். வந்தவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். நன்றாகப் போன அமர்வை வீட்டிலேயே வைத்துவிட்டு, சொதப்பியதை மேற்பார்வையாளரிடம் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் முதல் பத்து நிமிடத்தை நீங்களே கேளுங்கள். யார் அதிகம் பேசியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.