டர்பன் மேடைக்கு நாடகம் எழுதுகிறவருக்கு: யார், யாரிடம், எந்த மொழியில்?

தமிழ் நாடகமா இங்கிலீஷ் நாடகமா என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காராதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ் வீட்டில் தாத்தா சாமியிடம் தமிழ் பேசுவார், மருமகளிடம் பாதித் தமிழ், பேரனிடம் இங்கிலீஷ், கரும்புத் தோட்டத்துப் பழைய கூட்டாளியிடம் ஜூலு அல்லது ஃபனகலோ (ஜூலுவோடு இங்கிலீஷ் கலந்த வேலைத்தளக் கலப்பு மொழி). ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மொழி என்று பிரித்துக் கொடுத்தாலும் வசனம் விறைத்துப்போகும். எந்த இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மொழி.

பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுகிறவர்கள், மேலே கேட்கிறவர்கள். ஆறு பாத்திரம் என்றால் முப்பது கட்டம் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: சாதாரண நாளில் என்ன மொழி, கோபம் வந்தால் என்ன மொழி. மாமியாரிடம் எப்போதும் இங்கிலீஷ் பேசும் மருமகள் ஒரே ஒரு காட்சியில் தமிழுக்கு மாறினால், நாடகத்தின் முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு மணி நேர நாடகத்தில் இப்படிப்பட்ட மாற்றம் மூன்று நான்கு போதும். அதற்கு மேல் போனால் பார்க்கிறவர்கள் கவனிப்பதை விட்டுவிடுவார்கள்.

கட்டத்தை நிரப்பப் பிறந்த ஆண்டு உதவும். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற பழைய குடியிருப்புகளைக் கலைத்தது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தின் சின்ன வீடுகளில் கூட்டுக்குடும்பம் பிரிந்தது. பள்ளியில் இங்கிலீஷ், வீட்டில் பாட்டி இல்லை. பொதுவாக 1940ஐ ஒட்டிப் பிறந்தவர் தமிழ் பேசுவார். 1965ஐ ஒட்டிப் பிறந்தவருக்குப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். 1990க்குப் பிறகு பிறந்தவரிடம் சாப்பாடு, சாமி, உறவுமுறை, திட்டு, இந்த நான்கும்தான் தமிழில் மிஞ்சியிருக்கும். இருபது வயதுப் பையனுக்கு நீளமான தமிழ் வசனம் கொடுத்தால் சபை நம்பாது. அவன் வாயில் ஒரு 'ஐயோ', ஒரு 'ஆயா' (பாட்டி) எவ்வளவு வேலை செய்யும் என்று முதலில் பாருங்கள்.

எந்தத் தமிழ் என்பது அடுத்த கேள்வி. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். தமிழர்களில் பலர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள். ஆயாவின் வாயில் இன்றைய டிவி சீரியல் தமிழை வைத்தால், தமிழே தெரியாத பேத்திக்குக்கூட ஏதோ இடிக்கும். பெரியவர்களிடம் பேச்சைச் சேகரிக்கும்போது "தமிழில் பேசுங்க" என்று கேட்காதீர்கள், உடனே கோயில் மேடைத் தமிழ் வந்துவிடும். மீன் குழம்பு எப்படி வைப்பது, பிள்ளை இரவு தாமதமாக வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். இருபது நிமிடப் பதிவில் ஒரு காட்சிக்கான பேச்சு கிடைக்கும்.

நம் ஊர் இங்கிலீஷை மட்டமாக நினைத்துத் திருத்துவது பெரிய நஷ்டம். 'ஹூ-ஹூ கேம்?', 'ஃபாஸ்ட்-ஃபாஸ்ட்', 'விச்-ஒன் ஐ பாட், தட்-ஒன்' இவற்றிலெல்லாம் தமிழ் வாக்கிய அமைப்பு இங்கிலீஷுக்கு அடியில் ஓடுகிறது. கேட்டோ மேனரில் பிறந்த நாடக ஆசிரியர் ரோனி கவண்டர் (1934–2021) உழைக்கும் மக்களின் இந்தப் பேச்சையே மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் உச்சரிப்பை எழுத்தில் கோணலாக்கி எழுதாதீர்கள். எழுத்தைக் கோணலாக்கினால் நடிகர் காமெடி குரலுக்குப் போய்விடுவார், அழ வேண்டிய இடத்திலும் சபை சிரிக்கும். சொற்களின் வரிசையை மட்டும் அப்படியே வைத்து, எழுத்துக்கூட்டலைச் சாதாரணமாக விடுங்கள். ஃபனகலோவுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது எஜமானனும் கங்காணியும் ஏவல் சொன்ன மொழி. இன்றைய ஜூலுப் பார்வையாளர் முன் அதை வெறும் சிரிப்புக்காக வைத்தால் வலிக்கும். காட்சியே அந்த மேல்-கீழ் உறவைப் பற்றியது என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

சபையில் யார் உட்காரலாம் என்பதையே ஒரு காலத்தில் சட்டம் தீர்மானித்தது. 1965இல் பல இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து நாடகம் பார்ப்பதற்கும் தடை வந்தது. அந்த நாட்களில் எழுதியவர் தன் ஜனம் மட்டும் கேட்கும் என்று எழுதினார். இன்று கோயில் மண்டபத்தில் போடும் நாடகமும் நகரத்துப் பெரிய அரங்கமான பிளேஹவுஸில் போடும் நாடகமும் வேறு வேறு காதுகளுக்குப் போகின்றன, ஆகவே அரங்கம் எது என்று தெரியாமல் மொழி அளவை முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கம் எழுதியதும் ஆறு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள்: எழுபது தாண்டிய இருவர், நாற்பதுகளில் இருவர், இருபதுகளில் இருவர். எங்கே முகம் வாடுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள்.

தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் வசனத்தைப் புரியவைக்க, அதையே இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வைப்பது மோசமான வழி, காட்சி இரட்டை நீளமாகிவிடும். பதிலில் பொருளை ஒளித்து வையுங்கள்:

ஆயா: (தட்டை நகர்த்தி) சாப்பிட்டியா இல்லியா?
பேரன்: ஏட் அட் ஒர்க், ஆயா.

இதைவிட அழகான கருவி நம் தெருக்கூத்திலேயே இருக்கிறது. இங்கே 'சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்' என்று அழைக்கப்படும் அந்தக் கூத்தில் ராஜா பாட்டாகவும் அலங்காரமாகவும் பேசுவார். கட்டியக்காரன் மட்டும் பேச்சுமொழியில் குறுக்கிட்டு, சபையோடு நேராகப் பேசிக் கிண்டல் செய்வான். அவனுக்கு டர்பன் இங்கிலீஷ் கொடுங்கள். ராஜாவின் தமிழை மொழிபெயர்க்காமல் அதற்கு எதிர்வினை சொல்லச் சொல்லுங்கள். "நாலு பாட்டு பாடியாச்சு, இன்னும் நாட்டைக் காப்பாத்தலை" என்ற பொருளில் ஒரு இங்கிலீஷ் வரி வந்தால், பாட்டில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும், சிரிப்பும் வரும். இருபது நிமிடத்துக்கு மேல் அவனை விடாமல் மேடையில் வைத்தால் மற்றவர்கள் பொம்மையாகிவிடுவார்கள்.

தேவாரம், மாரியம்மன் தாலாட்டு போன்றவற்றை நான்கு வரிக்கு மேல் வைக்காதீர்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கைகூப்பத் தொடங்கினால் கதை அங்கே நின்றுவிடும்.

இனி நடிகர்கள். பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. பிரதியைப் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று பத்தியாக அடியுங்கள்: ரோமன் எழுத்தில் வசனம், அதன் பொருள், எங்கே மூச்சு விடலாம் என்ற குறிப்பு. நெடிலுக்கு இரட்டை உயிரெழுத்து போடுங்கள், இல்லாவிட்டால் 'படு', 'பாடு' இரண்டும் ஒன்றாகிவிடும். நன்றாகப் பேசும் பெரியவர் ஒருவரை மெதுவாக ஒருமுறை, பேச்சு வேகத்தில் ஒருமுறை பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அது முதல் வாசிப்புக்கு முன்பே நடிகர் கையில் இருக்க வேண்டும். தவறான ஓசை நாக்கில் படிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

திரையில் மொழிபெயர்ப்பு ஓட்டுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள். நகைச்சுவை வரியை நடிகர் சொல்லி முடிக்கும் வரை பிடித்து வையுங்கள், முன்னால் ஓடினால் சபை முதலில் சிரித்துவிடும், நடிகர் தனியாக நிற்பார். எதிரில் நிற்கும் பாத்திரத்துக்குப் புரியாத வசனத்தைச் சபைக்கும் மொழிபெயர்க்காமல் விடலாம். பொத்தானை அழுத்துகிறவர் தமிழ் தெரிந்தவராக இருக்கட்டும். நடிகர் ஒரு வரியைத் தாண்டிப் போனால் அவருக்குத்தான் உடனே தெரியும்.