இங்கிலாந்தில் பெற்றோருக்குப் பராமரிப்பு வீடு: மதுரை வீடும் கணக்கில் வரும்

ஊரில் என்றால் மூத்தவன் வீட்டில் வைத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் பகலுக்கு ஓர் ஆள் போடுவோம். இங்கிலாந்தில் பெற்றோரை எங்கே வைப்பது என்பதற்கே பல வகை இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஷெல்டர்டு ஹவுசிங் என்பது தனி ஃபிளாட், பெரும்பாலும் 55 அல்லது 60 வயது தாண்டியவர்களுக்கு. மேலாளர் ஒருவர் இருப்பார், ஆபத்துக்கு இழுக்கச் சிவப்புக் கயிறு தொங்கும். குளிப்பாட்டவோ மாத்திரை எடுத்துக் கொடுக்கவோ அவர் வரமாட்டார். என் நண்பனின் அம்மா கயிறு நனைகிறதே என்று சுருட்டி மேலே கட்டிவிட்டார். குளியலறையில் விழுந்த அன்று அது கைக்கு எட்டவில்லை. கயிறு தரை வரை தொங்கட்டும்.

எக்ஸ்ட்ரா கேரிலும் தனி ஃபிளாட்தான், ஆனால் பராமரிப்பு ஆட்கள் அதே கட்டடத்தில் இருப்பார்கள். சப்போர்ட்டட் லிவிங் பெரும்பாலும் அறிவுத்திறன் குறைபாடு, மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு. அதில் வாடகை ஒப்பந்தம் வேறு, பராமரிப்பு வேறு. கேர் ஹோமில் தங்கல், சாப்பாடு, கவனிப்பு எல்லாம் சேர்த்தே. நர்சிங் ஹோம் என்றால் 24 மணி நேரமும் நர்ஸ் உண்டு. இவற்றைச் சோதித்துத் தரம் சொல்லும் அரசு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷன் கொடுத்த மதிப்பீட்டைப் படித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் நேரில் போங்கள். தயிர்சாதம் கிடைக்குமா என்று கேளுங்கள், அவர்கள் முகமே மீதியைச் சொல்லிவிடும்.

அப்புறம் கவுன்சிலிடம், அதாவது உள்ளூர் நிர்வாகத்திடம், என்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் தேவை மதிப்பீடு கேளுங்கள். 2014 பராமரிப்புச் சட்டப்படி அது இலவசம், பணம் இருக்கிறவர்களுக்கும் செய்தாக வேண்டும்.

பணக் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டைத் தாண்டினால் முழுச் செலவும் நம் தலையில். 14,250-க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், ஆனால் கேர் ஹோமில் பென்ஷனில் பெரும்பகுதி போய்விடும்.

நண்பன் மாட்டியது இந்த இடத்தில்தான். அவன் அம்மா இங்கே குடியுரிமை பெற்றவர். வில்லாபுரத்தில் அவர் பெயரில் ஒரு வீடு, அதில் வாடகைக்கு ஒரு குடும்பம். கேர் ஹோம் பேச்சு வந்ததுமே மதுரையிலிருந்து மாமா போன் போட்டார்: "அக்காவைக் கூட்டிட்டு வா மாப்ள, உன் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிருவோம்." சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதையும் முடித்துவிட்டுத் திரும்பினார்கள். கவுன்சிலின் பணக் கணக்குப் படிவத்தில் வேறு சொத்து உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை.' வில்லாபுரத்து வீடு இங்கே யாருக்குத் தெரியப் போகிறது?

அம்மாவின் பாங்க் ஸ்டேட்மெண்டுக்குத் தெரிந்திருந்தது. பழைய வாடகை மாதா மாதம் மதுரையிலிருந்து வந்து விழுந்த வரிகளுக்கு அடியில் கவுன்சில் அதிகாரி பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் சேரும். பராமரிப்புச் செலவிலிருந்து தப்பிக்கவே எழுதிக் கொடுத்தது என்று கவுன்சில் முடிவு செய்தால், வீடு அம்மாவிடமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடும். எழுதி வாங்கியவரிடமிருந்து வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஏழு வருஷம் போனால் தப்பித்தோம் என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள். அது வாரிசு வரிக்கான கணக்கு, பராமரிப்புக்கு அப்படி ஒரு கெடு இல்லை. நண்பன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் அந்த மாமா மேல்தான். ஹீத்ரோவைக்கூடப் பார்த்திராத மனிதர், இந்த ஊர்ச் சட்டத்துக்கு யோசனை சொல்கிறார்!

இதில் எரிச்சல் என்னவென்றால், பல வீடுகளில் மறைக்கவே தேவையில்லை. அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரிக்காத வீடு என்றால், அந்தப் பங்கை மட்டும் வாங்க ஒருவர் என்ன விலை கொடுப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். வழக்கு நடக்கிற வீட்டுப் பங்குக்கு அப்படி என்ன விலை வந்துவிடும்? வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே எடுக்கலாம். மதுரையில் ஒரு மதிப்பீட்டாளரிடம் மதிப்பும் எழுதி வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுங்கள்.

ஏற்கெனவே செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் பத்திரத் தேதியையும் அந்தச் சமயத்து மருத்துவக் காகிதங்களையும் சேர்த்து வையுங்கள். அப்போது அம்மா திடமாக இருந்தார், பராமரிப்பு தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை என்று காட்ட முடிந்தால் வாதாடலாம். படிவத்தை அனுப்பும் முன்பே முதியோருக்கு உதவும் தொண்டு நிறுவனமான ஏஜ் யூகேயிடமோ, பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ கேளுங்கள், இரண்டும் இலவசம்.