வீட்டு மாடி வேற, குடோன் ஷெட் வேற: கூரை வேலைக்கு ஆள் புடிக்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எங்க மாமா பெருந்துறை பக்கத்துல 10,000 சதுர அடில ஒரு நூல் குடோன் போட்டாரு. வீடு கட்டிக்குடுத்த கொத்தனார் நல்ல மனுஷன், கை சுத்தம், அதனால கூரை வேலையையும் அவர்கிட்டயே விட்டாச்சு. கூரைத் தகர ஷீட் போய் பக்கத்துச் சுவர்ல முட்டுற எடத்துல அவரு வீட்டுக்குச் செய்யற மாதிரியே சிமெண்ட் கலவை வச்சு அழகா பூசி விட்டுட்டாரு. அந்தப் பூச்சு ஒரு கோடைகூட தாங்கல, நீளத்துக்கு விரிசல். நான் ஏணி போட்டு ஏறிப் பாத்தேன், காலைல நகம் உள்ள போற அளவுக்கு இடைவெளி, மதியம் வெயில் ஏறுனதும் ஷீட் விரிஞ்சு அதே இடைவெளி மூடிக்கிது. ஐப்பசி மழைல அந்தச் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டை அத்தனையும் ஈரம். அவர் மேல தப்பில்ல, அவருக்குத் தெரிஞ்ச கூரை வேற, இது வேற.

அடிப்படை வித்தியாசம் எடைதான். வீட்டு மாடில 5 இன்ச் காங்கிரீட் ஸ்லாப் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோ வரும், அது தன் எடையிலயே உக்காந்திருக்கும், காத்து அத ஒண்ணும் பண்ணாது. ஷெட்ல போடுற 0.5 மி.மீ. ஷீட் சதுர அடிக்கு அரை கிலோகூட வராது. கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 கோட்ல சென்னைக்குக் குடுத்திருக்கற அடிப்படைக் காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், கோயம்புத்தூர் மதுரைக்கெல்லாம் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்துல காத்தோட அழுத்தம் சதுர அடிக்கு 14 கிலோ பக்கம் வரும், கூரை ஓரத்துலயும் மூலைலயும் மேல இழுக்கற இழுப்பு அதவிட அதிகம். அரை கிலோ ஷீட் எப்படி நிக்கும்? ஸ்க்ரூவும் பர்லினும் (ஷீட்டுக்குக் கீழ குறுக்க போற இரும்புச் சட்டம்) புடிச்சாத்தான் நிக்கும். அதனால வீட்டுல நாம தண்ணியோட சண்டை போடறோம், ஷெட்ல காத்து, வெயில், தண்ணி மூணோடயும் போடணும்.

மொதல்ல வீட்டு மாடி. ஸ்லாப் கியூரிங் முடிஞ்சதும், மேல எதுவும் போடறதுக்கு முன்னாடி, பைப் வாயெல்லாம் அடைச்சு ஒரு இன்ச் தண்ணி கட்டி கொறஞ்சது ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழ இருந்து பாருங்க. ஈரம் எங்க தெரியுதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டு வச்சுக்கங்க, அப்புறம் தேட வேண்டியதில்ல. கைப்பிடிச்சுவரும் ஸ்லாபும் சேர்ற மூலைல கலவை வச்சு ரவுண்டா வளைச்சுப் பூசியாகணும், ஒழுகற வீட்டுல பாதிக்கு மேல அந்த மூலையும் பைப் வாயும்தான்னு என் அனுபவம். வாட்டம் 10 அடிக்கு ஒண்ணரை இன்ச் குடுங்க, வாயால கேட்டுக்காதீங்க, டியூப் லெவல் புடிச்சுப் பாத்துக்கங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி தெளிச்சு, மரக்கட்டையால நாள் கணக்கா அடிச்சு, தட்டு ஓடு பதிக்கறதுதான் நம்ம ஊர்ப் பழைய முறை. நல்லா செஞ்சா இன்னைக்கும் அதுக்கு ஈடில்ல, ஆனா பொறுமையா அடிக்கற ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம். அது மூணு இன்ச் போட்டா எடையும் சதுர அடிக்கு 13 கிலோ கிட்ட கூடும், அத இன்ஜினியர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

இப்ப ஷெட், இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. கொட்டேஷன் வாங்கறப்ப "0.5 ஷீட்"னு எழுதியிருந்தா பெயிண்ட், கோட்டிங் எல்லாம் சேத்தா இல்ல வெறும் இரும்பான்னு கேளுங்க. சேத்து 0.5ன்னா உள்ள இரும்பு 0.45 பக்கம்தான் இருக்கும். லோடு எறங்குனதும் மைக்ரோமீட்டர் வச்சு நாலு ஷீட்ட அளந்துடுங்க, எறக்கிப் போட்டப்புறம் சண்டை போட முடியாது. கால்வால்யூம் ஷீட்னா அதுல 55 சதவீதம் அலுமினியம், மிச்சத்துல பெரும்பாலும் துத்தநாகம், இந்தப் பூச்சுக்கு ஈர சிமெண்ட் ஆகவே ஆகாது, அரிச்சிடும். மாமா குடோன்ல விரிசலோட அதுவும் சேந்துக்கிச்சு. சுவர் ஓரத்துக்கு ஃபிளாஷிங் ஷீட், அதாவது சுவரும் கூரையும் சேர்ற எடத்த மூடற மடக்குத் தகடுதான் போடணும், ஃபிளாஷிங்கோட மேல் விளிம்ப சுவர்ல காடி வெட்டி உள்ள சொருகி, கீழ் பக்கம் கூரை ஷீட் மேல சும்மா படுத்திருக்கற மாதிரி விட்டா ஷீட் விரியலாம் சுருங்கலாம், பிரச்சனையில்ல. 100 அடி நீள ஷீட் 40 டிகிரி வித்தியாசத்துல 14 மி.மீ. நீளும், அத எந்தப் பூச்சும் தடுக்காது.

ஸ்க்ரூவ ஷீட்டோட மேட்டுல அடிக்கணும், தண்ணி ஓடற பள்ளத்துல அடிக்கக் கூடாது. அடிச்சப்புறம் வாஷர் ரப்பர உக்காந்து பாருங்க: ரப்பர் தகட்டு விளிம்புக்கு வெளிய லேசா எட்டிப் பாத்தா சரி, நசுங்கிப் பிதுங்கி வந்திருந்தா ஓவர் டைட், கையால சுத்துனா சுத்துதுன்னா லூஸ். ஓவர் டைட் பண்ணுன ரப்பர் வெயில்ல சீக்கிரமே வெடிச்சிடும். ஓரத்துலயும் மூலைலயும் ஸ்க்ரூ நெருக்கமா வரணும், டிசைன்ல எத்தன போட்டிருக்கோ அத்தனையும் எண்ணி வாங்குங்க. இன்னொண்ணு, சாயங்காலம் வேலை முடிஞ்சு எறங்கறதுக்கு முன்னாடி ட்ரில் பண்ணுன இரும்புத் துகள மென்மையான பிரஷ்ல கூட்டியே ஆகணும், ராத்திரி பனில அது துருப்புடிச்சு ஷீட் மேல செவப்பா அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும். கிரைண்டர் போட்டு ஷீட் வெட்டவும் விடாதீங்க, பொறி பட்ட எடமெல்லாம் கோட்டிங் கருகிடும்.

கட்டர, அதாவது கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற தொட்டிய, கணக்குப் போட்டுத்தான் செய்யணும். ஒரு இன்ச் மழைக்கு 1,000 சதுர அடி மாடில 2,360 லிட்டர் தண்ணி, ரெண்டு மூணு பைப் போதும். அதே மழை 10,000 சதுர அடி ஷெட்ல 23,600 லிட்டர், அரை மணி நேரத்துல கொட்டுச்சுன்னா சின்ன கட்டர் பொங்கி உள்ளதான் ஊத்தும். ரெண்டு ஷெட்டுக்கு நடுவுல வர்ற கட்டர் இன்னும் ஆபத்து, வெளிய ஊத்தறதுக்கு எடமே இல்ல, அத அகலமா போட்டு ரெண்டு பக்கமும் ஓவர்ஃப்ளோ வாய் வச்சிடுங்க.

கமர்ஷியல்னா எல்லாம் தகர ஷெட் இல்ல, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஆபீஸ்லாம் காங்கிரீட் மாடிதான். ஆனா அங்க ஏசி அவுட்டோர், ஜெனரேட்டர் பைப், சோலார்னு மேல ஏத்துவாங்க. வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சப்புறம் ஏசிக்காரர் வந்து போல்ட்டுக்கு ஓட்டை போட்டா மொத்த வேலையும் வீண், அதனால பீடத்த முன்னாடியே கட்டி அதையும் சேத்து வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிடுங்க.

கெஞ்சிக் கேட்டுக்கறேன், இத மட்டும் விட்டுடாதீங்க. வீட்டு மாடில நடந்து பழகுன ஆள ஷெட் மேல சும்மா ஏத்தாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், வெளிச்சத்துக்குப் போடற ஃபைபர் ஷீட் ரெண்டும் ஆள் எடை தாங்காது, அழுக்கும் பாசியும் படிஞ்சுட்டா ஃபைபர் ஷீட் எதுன்னே மேல இருந்து தெரியாது. ஏறறதுக்கு முன்னாடி உள்ள நின்னு வெளிச்சம் வர்ற எடத்த எல்லாம் குறிச்சுக்கங்க, நடக்கறதுக்குப் பலகை போடுங்க, ஸ்க்ரூ வரிசை மேலயே கால் வைங்க, கயிறு கட்டாம யாரும் மேல போகக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ காஞ்ச நிலைல அறுக்கவும் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குள்ள போனா வருஷம் கழிச்சு உயிருக்கே உலை வைக்கும்.

மாமா குடோன்ல அந்தப் பூச்ச எல்லாம் தட்டி எடுத்துட்டு, அரிச்சுப்போன ஓர ஷீட்ட மாத்தி ஃபிளாஷிங் போட்டாச்சு. இப்ப வருஷா வருஷம் புரட்டாசிலயே கட்டர் எலைதழை வாரி, லூஸ் ஸ்க்ரூ பாத்து மாத்திடறோம், ரெண்டு ஆள் ஒரு நாள் வேலை.