நெல்வயல் மீத்தேனும் மூங்கில் ஐசோபிரீனும் காற்றில் என்ன ஆகின்றன? படிப்படியாக எழுதிப் பார்க்கலாம்

மீத்தேன், ஐசோபிரீன் என்ற இரண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் போதும், காற்றில் கரிமச் சேர்மங்கள் மாறும் விதம் பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டு வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைப்பக்கத்தில் வெயில் ஏற ஏற மூங்கில் இலைகள் ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீனை விடுகின்றன. ரப்பர் பாலில் இருப்பதும் ஐசோபிரீன் அலகுகள் கோத்த சங்கிலிதான். ஆனால் ரப்பர் இலை காற்றில் விடுவது பெரும்பாலும் மோனோடெர்ப்பீன், அதாவது பத்து கார்பன் கொண்ட வகை. குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ வேதியியல் போதும்.

படி 1: ஹைட்ராக்சில் எப்படிப் பிறக்கிறது?

காற்றில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் அது நேராக மீத்தேனைத் தொடாது. தொடுவது ஹைட்ராக்சில் ரேடிக்கல். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், இணை சேராத ஓர் எலக்ட்ரான். அந்த எலக்ட்ரானை ஒரு புள்ளியாகப் போடுங்கள். இனி கடைசி வரை அந்தப் புள்ளி எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

ஓசோன் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் ஆற்றல் மிகுந்த ஓர் ஆக்சிஜன் அணு கழன்று வரும். அது நீராவி மூலக்கூறில் மோதினால் இரண்டு ஹைட்ராக்சில் கிடைக்கும். ஆக, வெயிலும் ஈரமும் சேர்ந்த இடம் இதற்கு வாகானது. சுமார் 8 பாகை வடக்கில், கடலோரத்தில் கிடக்கும் நம் மாவட்டத்துக்கு இரண்டுக்கும் குறைவில்லை. அப்படியும் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கும்போது, பகலில் ஹைட்ராக்சில் சில பத்து லட்சம்தான். ஒவ்வொன்றும் ஒரு நொடி அளவுகூடத் தாக்குப்பிடிக்காது. இவ்வளவு சொற்பமான ஒன்றுதான் கீழ் வளிமண்டலத்தைச் சுத்தம் செய்கிறது என்பதை 1971-இல் ஹைராம் லெவி எடுத்துச் சொன்னார்.

படி 2: எங்கே தாக்கும்?

உங்கள் மூலக்கூறை வரைந்து, இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஹைட்ராக்சில் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஐசோபிரீனில் இரண்டு இரட்டைப் பிணைப்பு. இல்லையென்றால் ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு நீராகிவிடும். புள்ளி கார்பனுக்கு மாறும். மீத்தேனுக்கு இந்த வழிதான்.

இரட்டைப் பிணைப்பும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை என்றால்? பழைய ஃபிரிட்ஜ் வாயுக்களான குளோரோஃபுளோரோகார்பன்கள் அப்படிப்பட்டவை. ஹைட்ராக்சில் அவற்றை ஒன்றும் செய்ய முடியாததால் அப்படியே மேலே போய் ஓசோன் படலத்தைக் கெடுத்தன. பிறகு வந்த மாற்று வாயுக்களில் ஹைட்ரஜனைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

படி 3: எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆயுள் = 1 ÷ (வேக மாறிலி × ஹைட்ராக்சில் அளவு). ஐசோபிரீனுக்கு வேக மாறிலி சுமார் 1 × 10⁻¹⁰ (அலகு: கன சென்டிமீட்டர்/மூலக்கூறு/நொடி; கீழே வரும் மாறிலிகளுக்கும் இதே அலகுதான்). ஹைட்ராக்சிலை ஒரு கன சென்டிமீட்டருக்கு 10⁶ என்று வைத்தால் விடை 10⁴ நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் பேச்சிப்பாறையிலிருந்து கிளம்பினால், நாகர்கோவில் பக்கம் வருவதற்குள் பெரும்பகுதி மாறிவிடும். முப்பந்தல் காற்றாடிகளைச் சுற்ற வைக்கும் ஆடிக் காற்றாக இருந்தால் இன்னும் தூரம் போகும்.

மீத்தேனின் மாறிலி 25 பாகை செல்சியஸில் 6.4 × 10⁻¹⁵ அளவு. போட்டுப் பாருங்கள், ஐந்து ஆண்டு வரும். ஆனால் மேலே குளிர்ந்த காற்றில் இந்த வினை இன்னும் மந்தமாகும் என்பதால், உண்மையில் ஒன்பது, பத்து ஆண்டு. தோவாளை வயலில் கிளம்பிய மீத்தேன் உலகம் முழுக்கக் கலந்துவிடுவது இதனால்தான்.

படி 4: ஆக்சிஜன் ஒட்டுகிறது, பாதை பிரிகிறது

புள்ளி கார்பனுக்கு வந்த உடனே காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறு அதில் ஒட்டும். இதற்குப் பெயர் பெராக்சி ரேடிக்கல். இந்தப் படியை எழுதாமல் விடவே கூடாது.

அப்புறம் என்ன ஆகும் என்பது பக்கத்தில் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை விடுவது வண்டிப் புகை. மார்த்தாண்டம் சந்திப்பில் வண்டிகள் அடைத்து நிற்கும் நேரத்தை நினைத்துக்கொண்டு மீத்தேனை எழுதுங்கள். பெராக்சி தன் ஆக்சிஜனில் ஒன்றை நைட்ரிக் ஆக்சைடுக்குக் கொடுக்க, அது நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும். மிச்சமுள்ள ரேடிக்கலிடமிருந்து ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரோபெராக்சிலும் (ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், புள்ளியும் இதில்தான்) கிடைக்கும். ஹைட்ரோபெராக்சில் இன்னொரு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் பழைய ஹைட்ராக்சிலே திரும்பி வந்துவிடும். புள்ளி ஒரு சுற்று முடித்துவிட்டது.

நடுவே உண்டான இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடையும் எண்ணினீர்களா? வெயிலில் அவை உடைந்து ஆளுக்கோர் ஆக்சிஜன் அணுவை விடும். அது ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். மூச்சுக் குழாயை எரிச்சலூட்டும், பயிரின் இலையைக் கெடுக்கும் தரைமட்ட ஓசோன் பிறப்பது இப்படித்தான். மரத்தைக் குறை சொல்வது தவறு என்று நான் அழுத்திச் சொல்வேன். உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோபிரீனை விடுகின்றன. அதை ஓசோனாக முடிய வைப்பது நாம் விடும் நைட்ரிக் ஆக்சைடு.

புகை எட்டாத கோதையாற்றுக் காடு போன்ற இடத்தில் பெராக்சி பெரும்பாலும் ஹைட்ரோபெராக்சிலோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு ஆகிவிடும். ஓசோன் உண்டாகாது. ஐசோபிரீனிலிருந்து வரும் ஹைட்ரோபெராக்சைடு மேலும் மாறி, அதில் ஒரு பகுதி நுண்துகள்களில் போய்ச் சேரும்.

படி 5: ஐசோபிரீனை நீங்களே எழுதுங்கள்

நைட்ரிக் ஆக்சைடு இருக்கும் பாதையை எடுங்கள். ஹைட்ராக்சில் ஓரத்துக் கார்பனில் ஒட்டட்டும், பக்கத்துக் கார்பனில் ஆக்சிஜன் சேரட்டும், அதில் ஓர் ஆக்சிஜன் போகட்டும், பிறகு கார்பன்-கார்பன் பிணைப்பை உடையுங்கள். ஒரு துண்டு ஃபார்மால்டிஹைடு. மற்றது, எந்த ஓரத்தில் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மெத்தில் வினைல் கீட்டோன் அல்லது மெத்தக்ரோலின். எல்லாக் கார்பனும் கணக்கில் வருகிறதா என்று சரிபாருங்கள்: ஒன்றும் நான்கும் ஐந்து.

இரவில் ஹைட்ராக்சில் மிகவும் குறைந்துவிடும். அப்போது நைட்ரேட் ரேடிக்கல் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சம் அதை உடைத்துவிடும் என்பதால் இருட்டில்தான் அது சேரும். ரப்பர் தோட்டத்து மோனோடெர்ப்பீன்களோடு அது வேகமாக வினைபுரியும்.

பயிற்சிக்கு ஒன்று. கடலில் மிதக்கும் நுண்தாவரங்களால் உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு குளச்சல், முட்டம் கரையோரக் காற்றிலும் கலந்திருக்கும். கடல் வாசனையில் அதற்கும் பங்குண்டு. இரண்டு மெத்தில், நடுவே ஒரு கந்தகம், இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஹைட்ரஜன் பறிபோகும் வழியில் தொடங்கி, பெராக்சி வரை எழுதிப் பாருங்கள். வேக மாறிலி 5 × 10⁻¹² என்று வைத்து ஆயுளையும் கணக்கிடுங்கள். இரண்டு நாளுக்குச் சற்று மேல் வந்தால் விடை சரி.