புது கிரிக்கெட் பேட்டை நேராக மேட்சுக்கு எடுத்துப் போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற ஆள் நான். ஆசையாக வாங்கிய இங்கிலீஷ் வில்லோ மர பேட்டோடு மறுநாளே இறங்கினேன். காலடியில் வந்து விழும் யார்க்கர் பந்து ஒன்று அடிமுனையில் பட்டு, விரல் நீளத்துக்கு விரிசல். அரை மாதச் சம்பளம் போச்சு!

மேட்சுக்கு முன்னால் புது பேட்டைப் பதப்படுத்த வேண்டும். அதற்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். துணியில் தொட்டு, பந்தை அடிக்கும் முகப்பிலும் ஓரங்களிலும் லேசாகத் தடவி, முகப்பு மேலே பார்க்க ஒரு நாள் படுக்கவையுங்கள். கைப்பிடி செருகிய இடத்தில் எண்ணெய் படக்கூடாது, ஒட்டு விட்டுவிடும். பிறகு மரச் சுத்தியலால் தட்டல். முதலில் பூப்போல, போகப்போக பலமாக. ஓரங்களை நேராக அடிக்காமல் சாய்த்துத் தட்டினால் கூர்மை மழுங்கி உருண்டு வரும். மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஆகும், தினம் அரை மணியாகப் பிரித்துக்கொள்ளலாம். 'தட்டி ரெடியா இருக்கு சார்' என்று கடையில் சொல்வார்கள். நான் நம்புவதில்லை, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாவது தட்டுவேன்.

அதன்பின் நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், பழைய லெதர் பந்தை அடித்துப் பாருங்கள். முகப்பில் தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் மறுபடி சுத்தியல்தான்.

தட்டுவதற்கு மொட்டை மாடி உத்தமம். நான் ஹாலில் உட்கார்ந்து தட்டி, கீழ்வீட்டு அக்கா இரண்டு முறை படியேறி வந்துவிட்டார்.