பிடுங்கின பல்லை எலும்பு மருந்தாக நினைக்க முன்

பெரியம்மா போன கிழமை பிடுங்கின கடைவாய்ப் பல்லைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார். "பல்லுத் தூள் போட்டா எலும்பு வளருமாம், யூடியூப்பில சொல்லீனம். மெய்யோ தம்பி?" என்று கேட்டார். பாதி மெய்.

பல்லை வெறும் கல்சியக் கட்டி என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. வெளியே மினுங்கும் எனாமலில் ஏறக்குறைய 96% கனிமம். புரதம் மிகச் சொற்பம். அதற்குக் கீழே உள்ள டென்டீனில்தான் விஷயம் இருக்கிறது. அதன் எடையில் சுமார் 20% சேதனப் பொருள், பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். எலும்பை உருவாக்கத் தூண்டும் பீ.எம்.பி. புரதங்களும் கொஞ்சம் உள்ளே பூட்டிக் கிடக்கின்றன. கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உருவாகிறது என்று அமெரிக்க எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். 1967இல் டென்டீனிலும் அதே விளைவு கிடைத்தது.

'கனிமம் நீக்கிய' என்பதை மறந்துவிடாதீர்கள். அமிலம் கனிமத்தைக் கரைக்கும்போதுதான் அந்தப் புரதங்கள் தாராளமாக வெளியே வரும். கொரியா, ஜப்பான் போன்ற நாடுகளில் நோயாளியின் சொந்தப் பல்லையே சுத்தம் செய்து, அரைத்து, அமிலத்தில் பதப்படுத்தித் தாடையில் திரும்ப வைக்கிறார்கள். தீப்பெட்டிப் பல்லை அம்மியில் அரைத்தால் தூளோடு கிருமியும் சேர்ந்துதான் வரும். விழுங்கினால் வயிறு மற்றப் புரதங்களைப் போலவே அதையும் செரித்துவிடும்.

சரி, புரதம் வெளியே வந்துவிட்டது. அதுவே எலும்பைக் கட்டிவிடுமா? இல்லை, அது தகவல் மட்டுமே சொல்லும், கட்டுவது கலங்கள். மேசன் இல்லாத வளவில் பிளானை விரித்து வைத்தால் வீடு எழும்பாது. இரத்த ஓட்டம் இல்லாத காயத்திலும் அப்படித்தான். ஆய்வுகூடத் தட்டில் கலங்கள் பெருகியதைப் பார்த்து, தாடையில் எலும்பு வந்துவிட்டது என்று எழுதுபவர்களுக்கும் இதைத்தான் சொல்லவேண்டும்.

முரசு நோயில் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்தவர்களுக்குப் பூசும் எனாமல் புரத ஜெல் வேறு. முதிர்ந்த எனாமலில் ஏறக்குறைய இல்லாத அமெலோஜெனின் என்ற புரதம், பல் உருவாகும் பருவத்தில் நிறைய இருக்கும். அதைப் பன்றிக்குட்டியின் பல்லில் இருந்து எடுக்கிறார்கள். மச்சம் சாப்பிடாதவர்கள், பன்றி விலக்கானவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் விட, பல் பிடுங்கின குழிக்குள் உறையும் இரத்தக் கட்டியைக் கெடுக்காதீர்கள். புது எலும்பு அதற்குள்ளேதான் தொடங்கும். முதல் 24 மணித்தியாலம் பலமாகக் கொப்பளிக்கவோ ஸ்ட்ரோவில் உறிஞ்சவோ கூடாது. சுருட்டைத் தொடவே வேண்டாம். மறுநாளில் இருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர், அதுவும் மெதுவாக.

பெரியம்மா தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். "அப்ப இதைக் கூரையில எறியட்டோ?"